பத்தாவது கையெழுத்து

படார்! எங்க மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்திட்டாங்க.

மணி பன்னெண்டு அடிச்சு ரெண்டு நிமிஷம். வெறும் ரெண்டே ரெண்டு நிமிஷம்!

"ஐயா, ஒரு எட்டு உள்ள போய் பார்த்துட்டு ஓடி வந்துடறோம்"னு காவலாளிகிட்ட கெஞ்சினேன்.

"முடியாது தம்பி. இனிமே பராமரிப்பு வேலை. அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க."

ஏதோ அஞ்சு நிமிஷம் மாதிரி சொல்லிட்டு, பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்துட்டுப் போயிட்டாரு.

இந்தப் பழைய நகரத்துல ஏழு புனித இடம். ஏழையும் நடந்தே காட்டுற டூர். நான் வந்ததே இந்த ஏழாவது இடத்துக்குள்ள இருக்கிற சுவர் ஓவியத்துக்காகத்தான். காலேஜ்ல இருந்து என் போன் வால்பேப்பரே அதுதான்! இன்னிக்குத்தான் கடைசி நாள்னு தெரிஞ்சு, ஆபீஸ்ல வயித்து வலின்னு புளுகி, ஆறு மணி நேரம் பஸ்ல முதுகொடிய வந்தேன்.

எல்லாம் போச்சு. யாரால? எங்க கைடால!

மனுஷன் வாயை மூடினாத்தானே? வரலாறு சொன்னா கேட்டுக்கலாம். இவரு கண்ணு முன்னாடி இருக்கிறதையே ஒப்பிச்சிட்டிருந்தாரு.

"வாசலுக்கு வலது பக்கம் ஒரு கல் சிங்கம். உக்காந்திருக்கு. மூக்கு உடைஞ்சிருக்கு."

தெரியுதுய்யா!

"கூரையில ஒரு ஓட்டை. அது வழியா வெயில் ஒரு தட்டு அளவுக்குத் தரையில விழுது. அந்தத் தட்டுக்கு நடுவுல இப்ப ஒரு புறா வந்து நிக்குது."

புறாவுக்கெல்லாமா விளக்கவுரை?

மூணாவது இடத்துல நான் நக்கலாவே கேட்டேன். "அண்ணே, அப்படியே நான் என்ன சட்டை போட்டிருக்கேன்னும் சொல்லிடுங்க."

அவரு அசரவே இல்ல. "நீலச் சட்டை தம்பி. காலர்ல காபிக் கறை."

எல்லாரும் சிரிச்சாங்க. அதுலயும் தொப்பிக்காரர் ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. அம்பது வயசிருக்கும். அந்த வெயிலுக்கு எங்க எல்லாரையும் போல அவரும் கூலிங் கிளாஸ். காலையில இருந்து பொண்டாட்டி கையை விடவே இல்ல. புதுசா கல்யாணம் ஆனவங்க தோத்துப் போகணும்!

இப்ப பூட்டின கதவு முன்னாடி நின்னு நான் கத்தின கத்துக்கு, கைடு, "என் தப்புதான், மன்னிச்சிடுங்க"ன்னாரு. ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டா மட்டும் பதில் இல்ல. காலையில இருந்து மூடாத வாய், இப்ப திறக்கல!

கூட வந்த டீச்சரம்மாவுக்கும் செம கோபம். "டிக்கெட்டுக்குப் பின்னாடி விதியே இருக்குப்பா. பத்துப் பேர் கையெழுத்து போட்டு புகார் குடுத்தா கைடோட லைசென்ஸ் போயிடும்."

திருப்பிப் பார்த்தேன். இருந்துச்சு. நாங்க மொத்தம் பதினோரு பேர். போதாது?

டீச்சரம்மாவே நோட்டுல இருந்து ஒரு தாள் கிழிச்சுக் குடுத்தாங்க. படிக்கட்டுல உக்காந்து எழுதினேன் பாருங்க, பேனா தாளைக் கிழிக்காததுதான் பாக்கி. கைடு பத்தடி தள்ளி நின்னு பார்த்துட்டே இருந்தாரு. தடுக்கல.

மடமடன்னு ஒன்பது கையெழுத்து விழுந்துடுச்சு.

பத்தாவதுக்குத் தொப்பிக்காரர்கிட்ட போனேன். மனைவி தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க. அவர் மட்டும் சுவரோரமா நின்னுட்டிருந்தாரு.

"சார், ஒரு கையெழுத்து போடுங்க. இந்த ஆளை இன்னியோட வீட்டுக்கு அனுப்பிடலாம்."

தாளை நீட்டினேன். அவர் வாங்கல. எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு.

"என்ன சார், நல்லவர் வேஷமா? உங்க மூஞ்சிக்கு நேராத்தான் நீட்டிட்டிருக்கேன்!"

"தம்பி, அவரை விடுங்க"ன்னு கைடு பதறி ஓடி வந்தாரு. தொப்பிக்காரர் கையைத் தூக்கி அவரை நிறுத்திட்டாரு.

"எந்த இடத்துல போடணும்னு என் விரலைப் புடிச்சு வையுங்க தம்பி. எனக்குப் பார்வை கிடையாது."

நீட்டின தாளைக் கீழ இறக்கினேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் அவரைக் கேட்டுக்கிட்டேன். சொன்னா எல்லாரும் என்கிட்ட குழந்தைகிட்ட பேசற மாதிரி பேச ஆரம்பிச்சிடுவாங்க. நீங்கல்லாம் எவ்வளவு ஜாலியா திட்டிட்டு வந்தீங்க!"

கைடு தரையைப் பார்த்துட்டு நின்னாரு.

எனக்குக் கோபம் போகலைங்க, அதான் கொடுமை. ஓவியம் போச்சே! கோபம் கொதிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதை யார் மேல காட்டுறதுன்னுதான் தெரியல.

"நான் கையெழுத்து போடறேன்"னாரு அவர். "உங்க நஷ்டம் நிஜம்தானே? ஆனா என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எதுலயும் போட மாட்டேன். கொஞ்சம் சத்தமா படிச்சுக் காட்டுங்க."

எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

கம்பெனி பேரு, தேதி. படிச்சுட்டேன். ரெண்டாவது வரியும் எப்படியோ மென்னு முழுங்கிட்டேன். மூணாவது வரி என் கையெழுத்துல கொட்டை கொட்டையா இருந்துச்சு: "எங்களுக்கெல்லாம் கண் இருக்கிறது என்பதையே இவர் மறந்துவிட்டார்."

"ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க தம்பி."

படிக்கல. அந்தத் தாள் ஒன்பது கையெழுத்தோட இப்பவும் என் சட்டைப் பையிலதான் கசங்கிக் கிடக்கு.

உங்க பையிலயும் எப்பவாவது இப்படி ஒரு தாள் இருந்திருக்கா?