எட்டாத மைக்

மாணவி டேனிகாவின் தலைக்கு மேலே நிற்கிறது அந்தப் பாழாய்ப்போன மைக். சக்கர நாற்காலியில் இருந்தபடி, வலுவுள்ள ஒரே கையால் அதன் திருகைத் தளர்த்தப் பார்க்கிறாள்; அசையவில்லை. பேசக் கொடுத்த இரண்டு நிமிடம் திரையில் கரைந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் துலூத் நகரத்தில், சங்கக் கூட்டம் நடக்கும் விடுதிக் கூடம் முழுக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள். முடங்கிய விரல்களுக்கு மறுபடி பொத்தான் போடக் கற்றுத்தருகிறவர்கள். ஒருவரும் எழவில்லை. கேட்காமல் உதவக்கூடாது என்பது இவர்கள் தொழிலில் பால பாடம். காப்பிக் கோப்பைகளை இறுகப் பற்றிய விரல்கள் மட்டும் வெளுக்கின்றன. 'சங்கத்தில் மாணவர்களுக்கு எதற்கு ஓட்டு? இன்னும் பக்குவம் வரவில்லை' என்று சற்றுமுன் முழங்கிய ஹால்வர்சன்தான் தாங்கமாட்டாமல் எழுகிறார். பக்கத்து இருக்கைக்காரி அவர் கோட்டைப் பிடித்து இழுக்கிறாள். "உக்காருய்யா! அவ கேட்டாளா உன்னை?" டேனிகா திருகை விட்டுவிட்டு, மைக் கம்பியையே தன் பக்கம் சாய்த்துத் தோளில் தாங்கிக்கொள்கிறாள். மைக் வாய்க்கருகே வந்துவிட்டது, நேரம்தான் முடியப்போகிறது. "என்னால முடியும்னு நம்பித்தானே எல்லாரும் சும்மா இருந்தீங்க? ஓட்டு விஷயத்துலயும் அப்படியே நம்புங்க." மணி அடிக்கிறது. சங்கத் தலைவி வாக்கெடுப்பை அறிவிக்கிறாள். "மாணவர்களுக்கு ஓட்டு குடுக்கலாம்ங்கிறவங்க எழுந்து நில்லுங்க." ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் ஹால்வர்சன் உட்காரவில்லை.