செகண்ட் ஹேண்ட் ரிப்பீட்டர்

மானேஜருக்கு வேர்த்து ஊற்றியது. காலை நீட்டக்கூட இடமில்லாமல் டெக்னீஷியனோடு தரையில் குந்தியிருந்தார். நடுவில், அவர் அடிமாட்டு விலைக்குப் பிடித்த, வாக்கி-டாக்கி பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் பழைய யு.எச்.எஃப். ரிப்பீட்டர். எங்கே வைப்பது என்று காட்டத் தானே கிளம்பி வந்தது எவ்வளவு மடத்தனம்!

"லேபிளைச் சுரண்டிட்டு வித்திருக்கான் சார். எந்த ஃப்ரீக்வென்சின்னு ஆபீஸ்ல வெச்சே பார்த்திருக்கணும்."

"இப்பப் பாருய்யா! நம்ம வாக்கி-டாக்கிக்குச் சேருமா, சேராதா? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"ரிப்பீட்டர் வாங்கச் சொல்லி மூணு மாசமா உங்க பின்னாடி நாயா அலைஞ்சேன். அப்பல்லாம் 'என்ன அவசரம்'னீங்க."

முனகிக்கொண்டே மூடியைக் கழற்றி, சிக்னல் இல்லாத செல்போனின் வெளிச்சத்தை உள்ளே அடித்தான் டெக்னீஷியன். "ஃபில்டர் மேல எழுதியிருக்கு சார். நானூத்தம்பதுலேர்ந்து நானூத்தெழுபது மெகாஹெர்ட்ஸ். நம்ம வாக்கி-டாக்கியும் அதேதான்!"

மானேஜருக்குப் போன உயிர் திரும்பியது. "அப்புறமென்ன? வாட்ச்மேனைக் கூப்பிடு!"

"இங்கேர்ந்து எட்டாது சார். இதை மொட்டைமாடியில வெச்சு, ஆன்டெனா போட்டு, கரண்ட் கொடுக்கணும். கொடுத்துட்டா..."

"கொடுத்துட்டா?"

டெக்னீஷியன் திறக்காத இரும்புக் கதவை வெறித்தான்.

"இந்த மாதிரி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோனாக்கூட, உள்ளேர்ந்தே வாட்ச்மேனைக் கூப்பிடலாம் சார்."