செவலை அடைகாத்த கூடை

கூடைக்குள் முட்டைகளை அடைகாத்துப் படுத்திருந்தது செவலைக்கோழி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் புத்தி சொன்னார்கள்.

"அசையாம படுத்திரு" என்றது ஆடு.

"மெலிஞ்சு போயிட்டியே, நல்லா சாப்பிடு" என்றது சேவல்.

எழுந்தால் முட்டை ஆறிவிடுமே என்று செவலை பட்டினியாகவே கிடந்தது.

வாத்து மட்டும் புத்தி சொல்லவில்லை. "நகரு அக்கா, நான் உட்கார்றேன். நீ போய்ச் சாப்பிட்டு வா" என்றது.

செவலை தயங்கித் தயங்கி எழுந்தது. குப்பைமேட்டைக் கிளறித் தின்று, மண்ணில் ஆசைதீரப் புரண்டுவிட்டுத் திரும்பியது. அதற்குள் ஒரு முட்டை பொரிந்திருந்தது. குஞ்சு வாத்தை நிமிர்ந்து பார்த்து, "அம்மா" என்றது.

வாத்து பதறிப் பாதி எழுந்தது. "நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலைக்கா."

"கூப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றது செவலை. "அம்மான்னு ஆயிடுச்சுல்ல, இன்னும் கொஞ்ச நேரம் உட்காரு. வேலியோரம் ஒரு கரையான் புற்றைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்."