எடை குறைக்கும் வித்தை

வேலி தாண்டும் பந்தயத்தில் கெட்டிக்காரக் குதிரைக்குத் தண்டனை உண்டு: சேணத்தில் கூடுதல் ஈயம். எவ்வளவு என்று தீர்மானிப்பவர் எடை அதிகாரி. லிஸ்டோவல் பந்தய மைதானத்தில் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக ஒருவர் குதிரையைச் சுற்றிவந்ததும், எடை அதிகாரிதான் என்று அதன் சொந்தக்காரர் ஃபின்டன் மல்விஹில் உஷாரானார். அடுத்த மாதம் பெரிய பந்தயம். எடை குறைந்தால் கோப்பை நிச்சயம். கோப்பை வந்தால் குதிரை நல்ல விலைக்குப் போகும்.

“இன்னைக்கு இவன் ஜெயிப்பானா?” என்றார் வந்தவர்.

“இவனா? மூணாவது வேலியைப் பார்த்ததும் கும்பிடு போட்டு நின்னுடுவான் சார்.”

“போன வாரம் ரெண்டாவதா வந்தானே?”

“மத்ததெல்லாம் விழுந்துடுச்சு. வந்து சேர்ந்ததே ரெண்டுதான்.”

“காலு நல்லாத்தானே இருக்கு?”

“பார்வைக்குத்தான். சேறுன்னா இழுக்கும். மூச்சு வேற ஓட்டைத் துருத்தி.”

வந்தவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். வரிக்கு ஒரு ராத்தல் குறைந்ததாக மல்விஹில் மனசுக்குள் குதித்தார்.

“பக்கத்து லாயம், டோனலன் குதிரை எப்படி?”

பகையாளி முதுகில் ஈயம் ஏற்ற இதைவிட நல்ல நேரம் வருமா?

“அதுவா! சிங்கம் சார். கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.”

வந்தவர் குறிப்பேட்டை மூடி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரொம்ப நன்றிங்க. உங்க குதிரையைக் கேட்ட விலைக்கு வாங்கிட்டு வான்னு எங்க முதலாளியம்மா அனுப்பினாங்க. குதிரைக்காரங்கள்ல பொய் சொல்லாத மனுஷனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!” என்று சொல்லிவிட்டு, காசோலைப் புத்தகத்தோடு டோனலனின் லாயத்தை நோக்கி நடந்தார்.