ஒரே ஒரு பிசினஸ் கிளாஸ்

"உங்க அப்பாவுக்கா போட்டீங்க?"

கீதாஞ்சலி செல்போனைக் கணவனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். சிங்கப்பூர் டிக்கெட். வீட்டில் போகிறவர்கள் நாலு பேர். மூன்று பேருக்குச் சாதாரண சீட்டு. ஒருவருக்கு மட்டும் பிசினஸ் கிளாஸ். அந்தப் பெயர், மாமனார் ஆண்டவருடையது.

சுதர்சன் பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே, "ஒரு சீட்டுதானே கெடச்சுது" என்றான்.

"அது யாருக்குன்னு சொல்லி ஓடிபி குடுத்தேன்? அத்தைக்குன்னுதானே? கடையில கூட்டமா இருக்கு, நீங்களே போட்டுருங்கன்னு நம்பிக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

கீதாஞ்சலி பெரம்பலூரில் விதை, உரக் கடை நடத்துகிறாள். மக்காச்சோள விதையிலிருந்து பூச்சிமருந்து வரை, கம்பெனிக்குக் கட்டுவதையெல்லாம் கிரெடிட் கார்டில்தான் தேய்ப்பாள். செட்டிகுளத்து வெங்காயக்காரர் பம்புசெட்டு மோட்டார் வாங்கப் போனால்கூட, "எங் கார்டுல போடுங்கண்ணே, காசை எங்கிட்ட குடுத்துருங்க" என்று கூடவே போய் நிற்பாள். எல்லாம் பாயிண்டுக்காக. சேர்ந்த பாயிண்டை விமானக் கம்பெனியின் மைல்களாக மாற்றினால் உசத்தியான சீட்டு கிடைக்கும். காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம்.

மாமியார் ஜெகதாம்பாளுக்கு மூட்டுவலி. சிங்கப்பூரில் இருக்கும் மகள் மேகலாவைப் பார்க்க இப்போதுதான் முதல்முதலாக விமானம் ஏறப்போகிறாள். அவளைச் சொகுசாகக் கூட்டிப்போக வேண்டும் என்பது கீதாஞ்சலியின் வெகுநாள் ஆசை. அதற்காகத்தான் பாயிண்டில் கை வைக்காமல் காத்திருந்தாள்.

கடைசியில் மெத்தை மாமனாருக்கு.

"அவரு வயசுல பெரியவரு, கீதா" என்றான் சுதர்சன்.

"வயசுதான் பெருசு! இந்த வூட்டுல ஒரு டம்ளர் தண்ணி தானா மோந்து குடிச்சிருக்காரா?"

சொல்லி வாய் மூடவில்லை, கூடத்திலிருந்து ஆண்டவரின் குரல் கேட்டது.

"ஜெகா! எங் கண்ணாடி எங்க?"

"உங்க சட்டைப்பையிலதாங்க இருக்கு" என்றாள் ஜெகதாம்பாள் அடுப்படியிலிருந்து.

"வந்து எடுத்துக் குடு."

அவளும் காலை இழுத்து இழுத்து வந்தாள். அவர் சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

கீதாஞ்சலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா? இவருக்கு மெத்தை, அவங்களுக்கு முட்டி இடிக்கிற சீட்டு. நீங்கள்லாம் படிச்சவருன்னு வெளியில சொல்லிக்காதீங்க."

சுதர்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

"என்ன, அப்பாகிட்ட பயமா?"

"அப்படியே வெச்சுக்க."

"பெத்த தாயி கஷ்டப்பட்டா பரவால்ல. அப்பா மொகம் மட்டும் வாடக் கூடாது. அப்படித்தானே?"

அவன் மறுபடி ஜிப்பை இழுக்க ஆரம்பித்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"நீங்க ஒண்ணும் மாத்த வேணாம். நானே போன் பண்ணி மாத்துறேன். முடியாதுன்னு சொன்னா கேன்சல் பண்ணிடுறேன். என் பாயிண்டுல அவரு படுத்துக்கிட்டுப் போக வேணாம்!"

"கீதா, வேணாம். சொன்னாக் கேளு."

"கேட்டதெல்லாம் போதும்."

வாசலில் சென்னைக்குப் போகும் கார் வந்து ஹாரன் அடித்தது. ஆண்டவர் முதல் ஆளாகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கீதாஞ்சலியின் போனில் பாட்டு ஓடி ஓடி, ஒருவழியாக ஒரு பெண் குரல் வந்தது.

"மேடம், எங்க டிக்கெட்டுல ஒரு அப்கிரேடு..."

அதற்குள் ஒரு ஈரக் கை போனைப் பிடுங்கியது. ஜெகதாம்பாள்தான். பிடுங்கிய வேகத்தில் பேச்சையும் துண்டித்தாள்.

"அவன ஏன் இந்தப் பாடு படுத்துற? நான்தான் மாத்தச் சொன்னேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன்."

கீதாஞ்சலியின் கோபம் அப்படியே மாமியார் மேல் திரும்பியது.

"உங்கள மாதிரி ஆளுங்களாலதான் அத்தை இவங்கள்லாம் இப்படி இருக்காங்க! உங்களுக்குன்னு ஒண்ணு குடுத்தா, அதையும் தூக்கி அவருக்கே குடுப்பீங்களா? எதுக்கு இந்தத் தியாகம்?"

"தியாகமா?"

ஜெகதாம்பாளின் குரல் வெடித்தது. அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்பதே கீதாஞ்சலிக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"எனக்காகச் சேத்தேன் எனக்காகச் சேத்தேங்கிறியே, எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டியா? அந்த மனுசனும் கேட்டதில்ல. நீயும் கேக்கல!"

கீதாஞ்சலிக்கு அந்த நியாயம் சுருக்கென்று தைத்தது.

"ஜெகா! எந் துண்டு எங்க?" காருக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

எப்போதும் போல ஜெகதாம்பாள் ஓடவில்லை. மருமகளைப் பார்த்தபடியே நின்றாள்.

"மேகலாகிட்ட எல்லாம் கேட்டுட்டேன். அந்த சீட்டுல உக்காந்தா, கூப்பிட்டதும் ஓடியாந்து குடுக்கத் தனியா ஆளு இருக்காம். நடுவுல ஒரு திரையையும் இழுத்து வுட்டுடுவாங்களாம்."

மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மெத்தை யாருக்கு ஆத்தா வேணும்? முட்டி இடிச்சா இடிச்சுட்டுப் போவுது. தாலி கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து மொத தடவையா, நாலு மணி நேரம் அந்த மனுசன் கொரலு கேக்காத எடத்துல நான் உக்காந்திருக்கணும்!"