நெட்டையார் சிலுப்பவில்லை

கூடப்பிறந்த அக்காவை ஏமாற்றுவதற்காக, இரண்டு படி விளக்கெண்ணெயோடு டைனோசர் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தான் குமாரசாமி.

ஏணி வைத்துத்தான் ஏறினான். நெட்டையாரின் முதுகு அத்தனை அகலம், நெல் காயப்போடலாம். பொழுது சாய்கிற நேரம். முழங்கால் தண்ணீரில் நின்ற மற்ற டைனோசர்களின் கழுத்துகள் மூடுபனிக்குள் போய்க் காணாமல் போயிருந்தன. மேலே எங்கோ ஒன்று தாலாட்டுப் போல முனகியது. துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள்.

மேச்சேரிக்கு மேற்கே, தேங்கி நிற்கும் காவிரிக்கு நடுவில் இருக்கிறது அந்தத் தீவு. பரிசலில் ஏறி, போகிற இடத்தை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போய்ச் சேரலாம். வழி பார்த்துப் போனவர்கள் யாரும் சேர்ந்ததில்லை.

அங்கே ஆளும் டைனோசரும் ஒரே ஊர். உழுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பஞ்சாயத்துப் பேசுவது எல்லாம் சேர்ந்துதான். கல்யாணம் மட்டும் நெட்டையார் உத்தரவு இல்லாமல் நடக்காது.

உத்தரவு என்றால் வாய்வார்த்தை இல்லை. அவர் முதுகில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். சிலுப்பாவிட்டால் இல்லை, அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. அக்கரையில் ஆட்டிடம் கேட்பார்கள். தீவுக்காரர்கள் அவ்வளவு சின்ன உயிரை நம்புவதில்லை.

நெட்டையாருக்குப் பேசத் தெரியும், யோசிக்கத் தெரியும், ஊரிலேயே அதிகம் படித்தவரும் அவர்தான். ஆனால் அவருடைய அபிப்பிராயத்தை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

பச்சைத்தண்ணீர் விழுந்தால் எந்த உடம்பும் சிலுப்பத்தான் செய்யும். அதனால்தான் குமாரசாமிக்கு எண்ணெய் தேவைப்பட்டது.

ஆட்டையாம்பட்டியில் தறி போட்டிருக்கும் அக்கா அமுதவல்லி, மகன் வேல்முருகனுக்குப் பெண் கேட்டு வந்திருந்தாள். தாய்மாமன் மகள், உரிமைப் பெண். குமாரசாமியின் மகள் கயல்விழியோ சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கி வைத்துக்கொண்டு, நாலு நாளாக அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயில்லாத குமாரசாமியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. முடியாது என்று சொன்னால் அவளுக்குப் பிறந்த வீடு அற்றுப்போகும். சொல்லாவிட்டால் மகளின் படிப்பு போகும். மனுசன் என்னதான் செய்வான்?

"மன்னிச்சுக்கோங்க," என்றான், எண்ணெயை வழித்துத் தேய்த்தபடி.

"என்னை எதுக்குச் சாமி கேக்கற? உங்கக்காளைக் கேளு," என்றார் நெட்டையார். "அப்படியே எடது பக்கமும் கொஞ்சம் தேச்சு உடு. ரொம்ப நாளா அரிப்பு."

மறுநாள் காலையில் ஊரே கூடியது. பூசாரி ஒவ்வொரு குடமாக ஊற்றினார். தண்ணீர் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நெட்டையார் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார்.

அமுதவல்லிக்கு மனசு ஆறவில்லை. தானே ஏணியில் ஏறி நாலாவது குடத்தையும் ஊற்றிப் பார்த்தாள். ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

வந்ததே கோபம். நெட்டையாரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஊர்ப் புல்லை எல்லாம் மேய்ந்து மேய்ந்து உடம்பு மரத்துப் போய்விட்டது என்றாள். ஒரு நல்ல காரியத்துக்கு அசையாத முதுகு இருந்தென்ன, இல்லாமல் போனால்தான் என்ன என்றாள். நெட்டையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டார். யாராவது எண்ணெய் தேய்த்தார்களா என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார், பொய் சொல்ல டைனோசர்களுக்குத் தெரியாது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

சமைத்து வைத்த சோற்றில் கை வைக்காமல், தம்பி முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் அமுதவல்லி பரிசல் ஏறிவிட்டாள்.

பரிசல் பனிக்குள் கரைகிற வரைக்கும் குமாரசாமி கரையிலேயே நின்றான். மகள் படிக்கப் போகிறாள். ஆனாலும் சோறு ஊட்டிய கைக்குத் துரோகம் பண்ணிவிட்டோமே என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது. நேராக நெட்டையாரிடம் போனான்.

"எங்கக்கா உங்களை அத்தனை பேசுச்சுங்களே. அம்புட்டும் என்னாலதானுங்க. இனி எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு நான் அது ஊட்டுப் படி ஏறுவேன்?"

நெட்டையாரின் கழுத்து பனியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"விடியக்காலம் உங்கக்காளும் வந்துச்சு சாமி, ஒரு தூக்குப்போசி எண்ணெயோட."

குமாரசாமி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

"'கயலு படிக்கோணும்னு ஏங்குது, எந்தம்பி அதை எங்கிட்டச் சொல்லமாட்டான். நானா வேண்டாம்னு போனா புள்ளைக்கு ஏதோ கொறைன்னு ஊரு பேசும். நீங்க சிலுப்பாம இருந்துக்கோங்க, சனத்துக்கு முன்னால நான் பேசறதை மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு கும்புட்டுச்சு. அப்பறம் ஏணியேறி முதுகைத் தொட்டுச்சு, கை வழுக்குச்சு. 'எனக்கு முன்னால வந்துட்டானா எந்தம்பி'ன்னு சிரிச்சு, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, கொண்டாந்த எண்ணெயை வீணாக்காம என் வாலுக்குத் தேச்சு உட்டுட்டுப் போச்சு."