கறுப்புத் தட்டு

காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர்தான். ஆறு மணிக்குக் கிளப் நீச்சல் குளத்தில் குளோரின் அளவு பார்த்து நோட்டில் எழுதுகிறேன். பிறகு, கயிறு கட்டிய கறுப்புத் தட்டை ஆழமான பக்கத்தில் இறக்குகிறேன். தரையைத் தொடும்வரை தட்டு கண்ணுக்குத் தெரிந்தால்தான் குளத்தைத் திறக்கலாம்.

போன மே மாதம், தட்டு தெரியாத ஒரு நாளில், செயலாளர் தனபாலன் திறக்கச் சொன்னார். கோடை வகுப்பின் முதல் நாள் அது. பயிற்சியாளர் என் மனைவி எழிலி. மூழ்கிய ஒரு சிறுமியை மேலே தள்ளிவிட்டவள், தான் மேலே வரவில்லை. அந்தக் கலங்கலில் அவளைக் கண்டெடுக்கப் பதினொரு நிமிடம் ஆனது. பிறகு தனபாலனே இரக்கப்பட்டு எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்.

இரண்டு நாள் குளத்துக்கு விடுமுறை. நான் வடிகட்டியை ஓடவிடவில்லை. இன்று தட்டு இரண்டடியிலேயே மறைந்துவிட்டது. தினமும் முதலில் நீந்துபவர் தனபாலன். நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டின் மேல் வைத்துவிட்டு, ஆழமான பக்கத்தின் விளிம்பில் வந்து நின்றார்.

"கெமிஸ்ட்ரி படிச்சவன் நீ இருக்கறப்ப எனக்கென்னப்பா கவலை. தட்டு தெரியுதா? இறங்கலாமா?"

கயிறு என் கையில் இருந்தது. அன்று எழிலி போனில் கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"தட்டு தெரியலன்னு சொல்லிட்டேங்க. பரவாயில்ல, இறங்கும்மாங்கறார். பிள்ளைங்க நிக்குது, வெச்சிடறேன்."